காலியாகக் கிடந்த கட்டம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஓர் அலவாங்கு என் கண் முன்னாலேயே காணாமல் போனது.

ஐந்தடி இரும்புக் கடப்பாரை. முருகேசு அதை இரண்டு கையாலும் ஓங்கி மண்ணில் குத்தினார். அரை அடி இறங்கி நிற்க வேண்டும்... நிற்கவில்லை. அவர் கையிலிருந்து வழுக்கி முழுதாக உள்ளே போய்விட்டது. தேங்காய் அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் மிச்சம்.

ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு, ஆழத்தில் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம்.

இது நிவித்திகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்; காரணம் போகப்போகப் புரியும்.

அன்று செல்வராணியின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் நாள். செல்வராணி கொழுந்து எடுப்பவர். கணவர் கணபதி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். முருகேசு, செல்வராணியின் அண்ணன். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் — இத்தனை பேரும் லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பராவில், ஓர் அறைக்குள். இப்போது அவர்களுக்கென்று ஏழு பேர்ச் அளவில் ஒரு காணி கிடைத்திருந்தது. பதினான்காம் துண்டு.

எனக்கு அங்கே என்ன வேலை? அழைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்கு அனுமதி கிடைத்ததற்கு பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியும் ஒரு காரணம் என்று செல்வராணி நம்பினார். நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாரந்தோறும் வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்தில் ஒருவர் வீடு கட்ட வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்தும் தொரையின் கையெழுத்து, கொழும்பில் கம்பெனியின் கையெழுத்து, நில அளவை, மண்சரிவு அறிக்கை, பிரதேச சபை... எல்லாவற்றுக்கும் மேலே பதினொரு பக்கப் படிவம். இந்தத் தோட்டத்து விண்ணப்பங்கள் ஒரே கட்டாகப் போயின. ஒரே கட்டாகத் திரும்பி வந்தன. நான்கு வருடம் அப்படியே. ஏன் என்று விசாரித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் சிலர் ஒரு கட்டத்தை நிரப்பவில்லையாம்.

என்ன கேள்வி? ‘இந்தக் காணியில் எப்போதாவது மாணிக்கம் தோண்டப்பட்டதா?’

எனக்குச் சிரிப்பு வந்தது. மாணிக்கம் கிடைத்திருந்தால் அவன் ஏன் ஐயா லயத்தில் இருக்கிறான் — என்று இதே இடத்தில் எழுதினேன். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக இத்தனை குடும்பங்களை அடைத்து வைப்பதா என்றும் கேட்டேன். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

பிறகு விதி மாறியது. பதினொரு பக்கம் இரண்டு பக்கமானது. யாரும் வந்து காணியைப் பார்க்கத் தேவையில்லை. விண்ணப்பதாரரின் கையெழுத்தே போதும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். அதிகாரிகள் வரிசையாக மேசை போட்டு உட்கார, காலையில் கொடுத்த விண்ணப்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முத்திரையோடு திரும்பியது. சீட்டுக் குலுக்கிக் காணித் துண்டுகளைப் பிரித்தார்கள். மாணிக்கக் கேள்வி புதிய படிவத்தில் இல்லை.

சரி, ஓட்டைக்கு வருவோம்.

முருகேசு மண்ணைக் கையால் விலக்கினார். கொஞ்சம் மண். அதன் கீழே உக்கிப்போன மரக்கட்டைகள், குறுக்கும் நெடுக்குமாக. அதற்குக் கீழே ஒன்றுமில்லை — கறுப்பு. அந்த மூலை வழியாகத்தான் செல்வராணி மூன்று மாதமாக, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, தலையில் கருங்கல்லோடு நடந்திருக்கிறார்.

எல்லோரும் குழியைப் பார்த்தோம். செல்வராணி மட்டும் கணவரைப் பார்த்தார்.

“ஒங்களுக்குத் தெரியும்தானே?”

கணபதி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மறுபடி விரித்தார்.

“நல்லாத்தான் புள்ள மூடினோம். மரத்தப் போட்டுத்தான் மூடினோம்.”

கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தோட்டத்தில் வேலை குறைந்த ஒரு காலத்தில் கணபதியும் இன்னும் சிலரும் அந்தச் சரிவில் களவாக மாணிக்கம் தோண்டியிருக்கிறார்கள். அப்போது அது தேயிலை பிடுங்கிக் கைவிட்ட காடு. கிடைத்தது ஒன்றுமில்லை. குழிகளை மூடினார்கள், மானாப்புல் வளர்ந்து மறைத்தது. தேயிலை இல்லாத நிலம் என்பதால் அதையே வீட்டுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். படிவம் வந்தது. ‘ஆம்’ என்று எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். ‘இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை. தோண்டியவர்கள் எல்லோரும் கட்டத்தைக் காலியாக விட்டார்கள்.

நான்கு வருடத் தாமதத்துக்கு அதுதான் காரணம். பழியை அதிகாரிகள் மேல் போட்டு அச்சிலும் ஏற்றியவன் நான்.

கணபதி அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“புது போம்ல அதக் கேக்கவே இல்லியே. கவர்மெண்டே எடுத்துருச்சு. பேப்பர்லயும் தேவையில்லாத கேள்வின்னு போட்டிருந்தாங்க. அப்ப ஆபத்து ஒன்னும் இல்லன்னு இருந்துட்டேன்.”

பேப்பரில் போட்டவன் இரண்டடி தள்ளி, கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

“அது சரி மச்சான்,” என்றார் முருகேசு. “அலவாங்கு தோட்டத்துது. ஸ்டோருக்கு நான் என்ன சொல்றது?”

அன்றைக்கு அத்திவாரம் வெட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து, செய்தி கேட்டு, வீட்டு அனுமதி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், அந்தத் தோட்டத்தில் சிங்களம் தெரியாத ஆளில்லை, எனவே பேச்சுக்குக் குறைவில்லை. இன்னும் எத்தனை குழி என்று கேட்டார். ஆண்கள் அத்தனை பேரும் தத்தம் கால் விரலைப் பார்த்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். கோப்புகளை ஜீப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், தானும் எதுவும் எழுதப்போவதில்லை, தோண்டின இடத்தில் போய் நின்றால் போதும் என்றார்.

கணபதிதான் முதலில் நடந்தார். பதினான்காம் துண்டின் மூலையில் போய் நின்றார். பிறகு ஒருவர். பிறகு இருவர் சேர்ந்து. ஒருவர் இரண்டு இடங்களில் மாறி மாறி நின்றார்... கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவு முழுவதும் அங்கங்கே ஆள்கள்.

கடைசியாகப் புறப்பட்டவர் அதே சரிவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். கூரை போட்டுக் குடிவந்துவிட்ட வீடு. அவருடைய சொந்தத் தங்கையின் வீடு. நேரே சமையலறைக்குப் போய், அடுப்புக்கு முன்னால் நின்றார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

தங்கை நெருப்பை அணைத்தார். பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வேகம் வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு காம்பராவில் ஆறு பேர் இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்கக் கூடாது. ஆனால் படிவத்தில் எதை வெட்டலாம் என்று பார்த்தேனே ஒழிய, அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று தோட்டத்தில் ஒரே ஓர் ஆளிடம் கேட்டேனா? கேட்கவில்லை. பத்திரிகைக்காரனுக்கு அது அரிச்சுவடி.

மேட்டில் வேறு துண்டு தருவதாகவும், புதிய படிவத்தில் ஒரு வாரத்தில் அனுமதி வாங்கிவிடலாம் என்றும் அதிகாரி சொன்னார். செல்வராணி பழைய படிவம்தான் வேண்டும் என்றார். பதினொரு பக்கமும். அதிகாரி கணபதியைப் பார்த்தார். இந்த மனிதர் அந்தக் கட்டத்தை மறுபடி காலியாக விட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

செல்வராணி என் பக்கம் திரும்பினார்.

“இதையும் பேப்பர்ல போடுங்க சார். அந்தக் கேள்விய இனிமே பொண்டாட்டிய பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் கேக்கணும்னு போடுங்க. இவரு எழுதாட்டிப் பரவால்ல. மொகத்தப் பாத்து நான் சொல்லிருவேன்.”

போட்டுவிட்டேன்.