சேவலின் மூச்சைக் கேட்ட ராக்கம்மா

சென்ற வெள்ளிக்கிழமை பண்டார் ஹிலிரில் வேலை முடிந்து வந்த என் மகன் செல்வம், சட்டையைக்கூடக் கழற்றாமல், “ராக்கம்மா அத்தை போயிட்டாங்கம்மா, தூக்கத்துலயே” என்றான். வருத்தத்துக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. வலியில்லாமல் போனாளே. எங்கள் காஜா பெராங்கில் அவள் வெளுத்த துணியை உடுத்திய எல்லோருக்கும் அவளைத் தெரியும். அவள் வாயையும் தெரியும்.

ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். நான்கு வயதுச் செல்வம் காய்ச்சலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அவன் உடம்பில் ஒட்டியது என் ஐந்து கோழிகள் இட்ட முட்டை மட்டும்தான். அவன் பிழைக்க வேண்டுமென்று முனியாண்டிக்கு ஒரு சேவலும் நேர்ந்து விட்டிருந்தேன்.

அந்தச் சேவலுக்குத்தான் முதலில் சீக்கு வந்தது. முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. சாமிக்கு நேர்ந்ததை ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. கோழிகளோடு சேர்த்தே அடைத்து, பனி படாமல் கூண்டைச் சாக்கால் மூடி, சாம்பிராணியும் போட்டேன். புகையைப் பார்த்த ராக்கம்மா வேலியைத் தாண்டியே வந்துவிட்டாள்.

“மூச்சு முட்டுற கோழிக்குச் சாம்பிராணியா? அது உன்கிட்ட பூஜையா கேட்டுச்சு?”

சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். சேவலைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டாள். கரகரவென்ற சத்தம் எனக்கே கேட்டது. அதைக் கொண்டுபோய்த் தன் விறகுக் கொட்டகையில் கட்டினாள். தண்ணீர்ச் சட்டியைக் கொதிநீரில் கழுவினாள்.

“ஆஸ்பத்திரித் துணிய நான் கடைசியிலதான் தொட்டியில போடுவேன். இதுவும் அப்படித்தான். நல்ல கோழிக்கு முதல்ல தீனி வை, சீக்குக்குக் கடைசியில. அப்புறம் கையக் கழுவு.”

அந்த நேரம் பார்த்துச் செல்வம் உள்ளே இருமினான். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அவன் முதுகில் வெகுநேரம் காதை வைத்திருந்தாள்.

“சத்தம் இல்லடி. போய்க் கிழங்க வேக வை.”

ஒரு கோழி செத்தது. குழம்பு வைக்கலாமென்று பார்த்தேன்; பசி அப்படி. அவள் பிடுங்கிக்கொண்டு போய் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்தினேன். மற்ற நான்கும் தப்பி மறுபடி முட்டையிட்ட அன்று, நானே போய் வேலியோரம் நின்றேன். சேவலும் தேறியது. “தேறினாலும் சீக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும்டி” என்று, நேர்த்திக்கடன் கழிக்கும்வரை அதைக் கோழிகளிடம் அவள் விடவே இல்லை.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் காது வைக்கும் பழக்கம்தான். ராக்கம்மாவைத் தூக்கிச் சென்ற நால்வரில் செல்வமும் ஒருவன். மழையில் நனைந்து திரும்பியவன் வாசலிலேயே இருமினான். கையைக் கழுவிக்கொண்டு போனேன். மீசை நரைத்த பிள்ளை, சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டிக் குனிந்தான்.

“சத்தம் இல்லடா” என்றேன். “போய்ச் சாப்பிடு.”