கல்லுக்கு அடியில் மீன் பறித்த பள்ளம்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மீன் என்றால் பைத்தியம். ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களுக்கென்றே ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்தார். அடியில் மணலைக் கொட்டி, அதன்மேல் ஏலகிரியிலிருந்து கொண்டுவந்த கற்களை அடுக்கினார்.

மஞ்சள் மீன் ஒன்று கல்லுக்கு அடியிலிருந்து மணலை வாயால் அள்ளித் துப்பிக்கொண்டே இருக்கும். "இன்னா பண்ணுது பாரு, வூடு கட்டுது!" என்று சிரிப்பார். மகள் ஜெனி தொட்டியருகே தலையணை போட்டுப் படுத்து அதையே பார்ப்பாள்.

ஒரு ஞாயிறு, "நான் சர்ச்சுக்கு வர்லம்மா, மீன் பாத்துனு இருக்கேன்" என்றாள். முதுகில் ஒன்று வைத்து இழுத்துப்போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹாலெல்லாம் தண்ணீர். மீன் மணலைப் பறித்ததில் கல் சரிந்து கண்ணாடியை உடைத்திருந்தது. துள்ளும் மீன்களைப் பார்த்து ஜெனி பாய்ந்தாள்.

"கால வெக்காதடி!"

சடையைப் பிடித்து இழுத்தேன். பாதி மூழ்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட வந்த அவர் ஓடிப்போய் வெளியே இருந்த மெயினை அணைத்த பிறகுதான் உள்ளே போனோம். ஜெனியின் தலையணை மேல் அந்தக் கல் கிடந்தது.

புதுத் தொட்டியில் முதலில் தெர்மகோல் விரித்துக் கல்லை உட்கார வைத்தோம், மணல் பிறகுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது சுவரில் உயரத்தில் இருக்கிறது.

பிழைத்துக்கொண்ட அந்த மஞ்சள் மீன் இன்னமும் தோண்டுகிறது. மணல் கண்ணாடியில் படும் சத்தம் அடுப்படிவரை கேட்கும். ஜெனி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று தெரிந்தும், "ஜெனி, எங்கடி இருக்க?" என்று கத்திவிடுகிறேன்.