என் பச்சை பிளவுஸ் எத்தனை வீட்டுக்குப் போனது?

பம்மலில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கும் செல்வி அக்கா, என்னை இரண்டு வாரமாக 'நாளைக்கு வா' என்கிறார். இன்று நேரிலேயே போய் நின்றேன்.

அக்கா இருந்தார். தையல் மிஷினைக் காணோம். தவணை பாக்கிக்காக யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களோ என்று சந்தேகம்.

"மிஷின் எங்கக்கா?"

"பக்கத்து வூட்டுக்குப் போய்க்கீதும்மா. இப்ப வந்துரும்."

எட்டிப் பார்த்தேன். பட்டன் தைக்கக்கூடத் தெரியாத பக்கத்து வீட்டு மாலா, மிஷின் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஊசிக்குக் கீழே என் பச்சை பிளவுஸ். மகளிர் குழுவுக்குக் கடன் தரும் கம்பெனி ஆள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

செல்வி அக்கா என் காதருகில், "தையல் தொழிலுக்குன்னாதான் லோன் குடுப்பானுங்க. அவ பொண்ணுக்குத் திங்கக்கெழம காலேஜ் ஃபீஸ் கட்டணும். காட்டிக் குடுத்துராதம்மா" என்றார்.

அதற்குள் அந்த ஆள் திரும்பினார். "மேடம், நீங்க இவங்க கஸ்டமரா?"

மாலா என்னையே பார்த்தார்.

"ஆமா சார். நல்லா தைப்பாங்க."

அவர் சிரித்தார். "தெரியும் மேடம். போன வாரம் எதிர் வீட்டம்மாவும் இதே பச்சை பிளவுஸைத்தான் தெச்சிட்டிருந்தாங்க."

கடன் வாங்குகிறவருக்குத் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். அப்புறம் யாரை நம்பவைக்க இந்தப் படம்?

'தையலால் முன்னேறிய பெண்கள்' என்ற விளம்பரத்தில் எங்கேயாவது ஒரு பச்சை பிளவுஸைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் ஒரு கல்யாணம். எனக்கு அது வேண்டும்.