பாசியை வென்ற அக்கா

தொலைபேசி ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையை முழங்கை வரை மீன் தொட்டிக்குள் விட்டிருக்கிறார் அக்கா. கையில் ஒரு பழைய டூத் பிரஷ். "வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கமா மெல்லாதீங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே, செடியின் அடியில் பிரஷை வைத்து ஒரே பக்கமாகச் சுற்றுகிறார். பச்சை நூலாகப் பாசி வந்து பிரஷில் சுருண்டுகொள்கிறது. அதை வாளியில் உதறிவிட்டு மறுபடி உள்ளே விடுகிறார். இழுக்கக் கூடாதாம், சுற்ற வேண்டுமாம். இழுத்தால் செடியும் வேரோடு கையில் வந்துவிடும்.

ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவருடையது. டாக்டர் அவருடைய சொந்தத் தம்பி. அதனால் நோயாளிகள், எதிர் மருந்துக் கடைக்காரர், வயதில் மூத்தவர்கள் என எல்லோருக்குமே அவர் அக்காதான். தம்பியை மரியாதையாக 'டாக்டர்' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'டேய்'. உள்ளே விழும் அந்த 'டேய்' காத்திருப்பு அறை வரைக்கும் கேட்கும். கேட்கும்போது எங்களுக்கெல்லாம் மனசு கொஞ்சம் குளிரும்.

எனக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. பல முறை போக வேண்டியிருந்தது. பல் டாக்டர் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். முதல் நாள் வாசலோடு திரும்பிவிடத்தான் பார்த்தேன். அக்கா விடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து தொட்டிக்கு எதிரில் உட்காரவைத்தார். "வாய அப்புறம் உள்ள போய்த் தொறந்துக்கலாம். இப்ப கண்ணத் தொறந்து இதப் பாருங்க." வருகிற எல்லோருக்கும் இதே வசனம்தான். அங்கே நாற்காலி, சுவர் வண்ணம், கருவி எல்லாமே தம்பியின் தேர்வு. தொட்டி ஒன்றுதான் அக்காவுடையது. பயந்தவர்களை ஓடிப்போகாமல் பிடித்துவைப்பது அந்தத் தொட்டிதான் என்று அடித்துச் சொல்வார். என்னைக் கேட்டால், அது உண்மை.

ஆனால் நான் போன சமயம் தொட்டியின் நிலைமை படு மோசம். செடி, கல், மரத்துண்டு ஒன்று விடாமல் தலைமுடி மாதிரி பாசி தொங்கியது. மீன் எங்கே என்று தேடத்தான் வேண்டும். இதற்கு வழி செய்துகொடுத்தவரே அக்காதான். முதலில் கல்லின் மேல் இரண்டு இழை தெரிந்தபோது, புதுச் செடி ஒன்று தானாக முளைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிப் பூரித்தார். செடி உரத்தை இரண்டு மடங்காக ஊற்றினார். சின்னச் செடிக்கு வெளிச்சம் போதாது என்று இரக்கப்பட்டு, காலையில் போட்ட விளக்கை மருத்துவமனை மூடும்வரை எரியவிட்டார். பாசிக்கு வேறென்ன வேண்டும்? போதாததற்கு, காத்திருந்தவர்கள் பொழுது போகாமல் ஆளாளுக்கு ஒரு சிட்டிகைத் தீனி போட்டார்கள். மீன் தின்று மீந்ததெல்லாம் அடியில் அழுகி, அதுவும் பாசிக்கே போய்ச் சேர்ந்தது.

டாக்டர் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் வெளியே வந்து, வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்கிற இடத்தில் இப்படியொரு தொட்டி இருந்தால் எவன் நம்பி வாயைத் திறப்பான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிய டிவி ஒன்றுக்குச் சொல்லியிருப்பதாகவும், அது வந்து சேர்வதற்குள் தொட்டி தெளியாவிட்டால் தூக்கிவிட்டு அந்த இடத்தில் டிவியை மாட்டிவிடுவதாகவும் சொன்னார். அக்கா எழுந்து நின்றார்.

"ஆடுற பல்லக்கூடக் காப்பாத்தப் பாக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்ற. என் தொட்டின்னா மட்டும் உடனே பிடுங்கணுமாடா?"

சிகிச்சை முடிந்து வாயில் பஞ்சோடு நின்ற நான் சிரிக்க முடியாமல் தவித்தேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அக்கா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். தீனி டப்பா மேசை டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. கேட்டவர்களிடம் மீன்கள் டயட்டில் இருப்பதாகச் சொன்னார். உரம் நின்றது. கூட்டம் வரும் மாலை நேரத்துக்கு மட்டும் விளக்கு. ஜன்னல் வெயில் படாமல் ஒரு திரை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். பாசிக்குப் போகும் சத்தை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று, கிடுகிடுவென்று வளரும் செடிகளாகப் பார்த்து நட்டார். பாசியைக் கொறிக்கும் குட்டி இறால்கள் வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் 'புது ஸ்டாஃப்' என்று பெயர். லீவே கேட்காத ஸ்டாஃப் என்று டாக்டர் காதில் விழும்படி சொல்வார்.

ஆனாலும் பாசி சட்டென்று மசியவில்லை. சுற்றி எடுத்த இடத்திலேயே மறுவாரம் முளைத்தது. ஒரு நாள் நான் போனபோது அக்கா மேசையில் கன்னத்தைத் தாங்கி உட்கார்ந்திருந்தார். "பேசாம நானே தூக்கிப் போட்டுடலாம்னு தோணுதுங்க" என்றார். நான் ஆறுதலாக எதையாவது சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. ரிசீவர் தோளுக்குப் போனது. கை தானாகத் தொட்டிக்குள் போனது.

கடைசி முறை நான் போனபோது டிவி வந்துவிட்டிருந்தது. டிவிக்காரர் தொட்டிக்கு மேலே சுவரில் துளை போட்டு, முதல் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் காலையிலேயே இடத்தைக் காட்டிவிட்டு, தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாராம். அக்கா தூசி விழாமல் தொட்டியின் மேல்பக்கத்தை மட்டும் மூடிவைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது, அவ்வளவு தெளிவு. கல் கல்லின் நிறத்தில் இருந்தது. இலைகள் பளிச்சென்று நிமிர்ந்திருந்தன. ஓர் இறால் மிச்சமிருந்த ஒற்றை இழையைப் பிடித்து விறுவிறுவென்று வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணாடியில் மூக்கு முட்ட உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஓர் அம்மாளும் முனகுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

யாரோ தோளைத் தட்டினார்கள். டாக்டர். "உங்களத்தான் சார் கூப்பிட்டுட்டே இருக்கேன்."

அவர் கதவைத் திறந்தாலே வியர்த்துப்போகிற ஆள் நான். அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு குனிந்து தொட்டியை வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, டிவியை மாடியில் தன் அறையில் மாட்டிவிடச் சொன்னார்.

"விளக்க இன்னும் கொஞ்ச நேரம் எரியவிடலாமேக்கா" என்றார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

"கூடாது, டாக்டர்."

டிவிக்காரர் பெட்டியோடு மாடிப்படி ஏறும்வரை அக்கா அசையவில்லை. பிறகு எழுந்து வந்து, சுவரில் தனியாக நின்ற திருகாணியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. தன் கைப்பையைக் கொண்டுவந்து அதில் மாட்டினார்.