இடது கால் கேட்கும் கார்

பழைய அமெரிக்க மசில் காரைக் கலியாணங்களுக்கு ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற தொழில். பழைய வண்டி வைத்துச் சீரழியும் சகபாவிகளுக்கு இது சொல்லாமலே விளங்கும். எங்கள் சிவப்புக் கார் அன்ரன் அண்ணையுடையது. நாங்கள் இருக்கும் ஜெர்மன் நகரத்து நொய்கெல்ன் பகுதியில் அது உறுமினால் பஸ்ஸுக்கு நிற்பவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஓட்டுவது அவர். பூக்கட்டி, கதவு திறந்துவிடுவது நான்.

இரண்டே கதவு

முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். கூறைச்சேலையும் கொண்டையுமாக வந்த ஒரு மணப்பெண் பாதி ஏறி, அங்குமில்லை இங்குமில்லை என்று மாட்டிக்கொண்டாள். தோழிமார் இழுத்தெடுத்து முன்சீட்டில் இருத்தினார்கள். பெண்ணின் தாய் என்னைப் பார்த்தார்: "தம்பி, மற்ற ரெண்டு கதவையும் வீட்டிலை வைச்சிட்டோ வந்தனீங்கள்?"

கோடையில் ஹீட்டர்

பறப்பதற்கென்று செய்த எஞ்சின். மேளத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் போனால் கொதித்துவிடும். சூட்டை இறக்க அன்ரன் அண்ணை நல்ல வெயிலில் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவார். தலைப்பாகையோடு வியர்த்துக்கொட்டிய மாப்பிள்ளை ஒருவர் இறங்கும்போது சொன்னார்: "அண்ணை, தாலி கட்ட முதலே அவிச்சுப் போட்டீங்களே!"

கிளச்

அந்தக் கிளச்சை மிதிக்க நல்ல காலே நடுங்கும். பாரிசவாதம் வந்து அன்ரன் அண்ணையின் இடது கால் விழுந்துபோனது. மகள் மெரினாவை மாதா கோயிலுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவதாக, அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிவந்த மனுசன். கலியாணம் நெருங்கியிருந்தது. கராஜுக்குப் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, ஏறியிருந்து மிதித்துப் பார்த்தார். கிளச் அசையவில்லை. இரண்டு கைகளாலும் முழங்காலை அமத்தினார். அப்போதும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தக் காரோடு காலமெல்லாம் சண்டை பிடித்த அவர் மனுசி யசிந்தா அக்கா அவர் தோளைத் தொட்டார்: "இஞ்சேருங்கோ, இதை விக்கச் சொல்லி இனிக் கேக்கமாட்டன்."

மெரினாவின் கலியாணம்

நான்தான் ஓட்டினேன். முன்சீட்டை அப்பாவுக்கு விட்டு, வெள்ளைக் கலியாணச் சட்டை கசங்கக் கசங்க மெரினா பின்னால் புகுந்து இருந்தாள். நான் கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் அன்ரன் அண்ணையும் அந்தக் காலைத் தரையில் அமத்தப் பார்த்தார். கால் பிந்திப் பிந்தித்தான் வந்தது. மெரினா பின்னாலிருந்து என் காதுக்குள் சொன்னாள்: "மாமா, கொஞ்சம் பொறுத்துக் கியரை மாத்துங்கோ. அப்பா இன்னும் மிதிச்சு முடிக்கேல்லை."

இந்தக் காருக்கு எது பழுதானாலும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துவிடலாம், ஓட்டுகிறவனுக்கு ஒரு இடது காலைத் தவிர.