எனக்கு முன்னால் ஓடிய என் சக்கரம்

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். ஈப்போவிலிருந்து பீடோருக்குப் போகிற பழைய சாலையில், தாப்பாவைத் தாண்டியதும் இது நடந்தது. இன்றைக்கும் அந்த வளைவு வரும்போது என் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் வீடு குனோங் ராபாட்டில். பீடோருக்கு உள்ளே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமாகிவிட்ட ஓர் இடத்தின் ஓரத்தில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கொய்யா போட்டிருக்கிறோம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அதனால் எங்கள் பழைய பிக்அப் வண்டியைப் பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். சாலை முழுக்கத் தார்தான். கடைசிப் பகுதி மட்டும் செம்மண் பாதை. வெயிலில் ஒன்றும் தெரியாது. மழை பெய்துவிட்டால் சவுக்காரம் தடவியது போலாகிவிடும். ஒரு தடவை கொய்யாக் கூடைகளோடு வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் இறங்கிவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தார்கள். அன்றைக்கே டயர் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

எந்த டயர் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. கணவர் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, சேற்றில் ஓடுகிற மட் டயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பாறை மாதிரி பெரிய பெரிய கட்டை வைத்த டயர் அது.

"அந்த மண்ணு ரோடு எவ்ளோ தூரங்க? மிச்சமெல்லாம் தாருதானே லா" என்றேன்.

"மாட்டிக்கிட்டா அந்தக் கொஞ்ச தூரத்துலதானே மாட்டிக்கிறோம்" என்றார் அவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் கணவர் வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேருமாக டயர் கடைக்குப் போனோம். அங்கே டயர் மாட்டுகிறவர் நம் ஆள்தான், நாற்பது வயது இருக்கும். வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றதும் என் கணவரை விட்டுவிட்டு என்னிடமே பேச ஆரம்பித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு வகை டயரையும் உருட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

"மட் டயரு சேத்துல நல்லா புடிக்கும்கா. ஆனா மழையில தார் ரோட்டுல பிரேக் அடிச்சா வழுக்கும். சீக்கிரம் தேஞ்சும் போயிரும். நீங்க தார்லதான் அதிகம் ஓடுறீங்க. ஆல் டெரைன் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நிக்கும். பக்கவாட்டுல தடிப்பா இருக்கு பாருங்க, செம்பனை மட்டை முள்ளு ஏறுனாலும் தாங்கும்."

டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டி, அது எப்போது செய்த டயர் என்பதையும் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார். "பழைய டயரு மாதிரி இருக்காதுக்கா, கொஞ்சம் சத்தம் வரும். பயந்துறாதீங்க."

கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சம்மதித்தார். அவர்கள் மாட்டி முடிக்கும் வரை பக்கத்துக் கடையில் காப்பி குடித்தோம். திரும்பி வந்தபோது நான்கு டயரும் கறுகறுவென்று, புது ரப்பர் வாசனையோடு நின்றன. கடைக்குள் டயர் கிழிந்த லோரி ஒன்று வந்து நின்றிருந்தது. எங்களுக்கு டயர் மாட்டியவர் அதற்கு அடியில் குனிந்து கிடந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன். அங்கிருந்தே இரண்டு பேரும் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

கோப்பெங் தாண்டுவதற்குள் கணவர் தூங்கிப்போனார். டயர் சத்தம் 'ஊம்' என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. டயர் மாட்டியவர் சொன்னாரே, இதுதான் அது என்று நினைத்துக்கொண்டேன். கம்பாருக்குப் பிறகு அதோடு 'டக் டக்' என்று இன்னொரு சத்தமும் சேர்ந்தது. டயர் இடுக்கில் கல் மாட்டியிருக்கும் என்று தோன்றியது. தாப்பா தாண்டியதும் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. புது டயர், பழகவில்லை, பீடோர் போய் இறங்கிப் பார்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சத்தம் வரும் என்று ஒருவர் சொல்லிவிட்டதால் எந்தச் சத்தமும் எனக்குச் சத்தமாகவே தெரியவில்லை.

வளைவு திரும்பியதும் வண்டியின் இடது முன்பக்கம் தடாலென்று கீழே இறங்கியது. இரும்பு தாரில் உரசுகிற சத்தம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. கணவர் அலறி எழுந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினேன். அப்போது முன்னால் பார்த்தால், சாலையில் ஒரு சக்கரம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. கறுப்பு டயர், புதுசு. இது யாருடைய சக்கரம் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அது எங்களைவிட வேகமாகப் போனது. சாலையோரப் புல்லில் இறங்கியது, ஒரு மேட்டில் பட்டு ஆள் உயரத்துக்கு எகிறியது, எதிரே தகரக் கூரை போட்டிருந்த ஒரு பழக்கடைக்குள் போய் விழுந்தது. ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. இளநீர்கள் சாலைக்கு உருண்டு வந்தன. எங்கள் வண்டி புல்லைக் கிழித்துக்கொண்டு சாய்ந்து நின்றது.

நான் இறங்கி ஓடினேன். ஓடும்போது மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கடைக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்ததை நான் வளைவிலேயே பார்த்திருந்தேன்.

கடை முன்னால் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று துண்டு துண்டாகக் கிடந்தது. முதுகு சாய்கிற பாகம் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். சக்கரம் அதையும் தாண்டிப் போய்ப் பின்னால் வாய்க்காலில் கிடந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. கடையின் அந்தக் கோடியில், தொங்கும் வாழைத்தாருக்குப் பக்கத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் உண்டிவில்லோடு நின்றுகொண்டிருந்தார். கூரை மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது.

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டபடி நின்றேன். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் பரவாயில்லை என்றும் இருந்தது.

"ஏம்மா, ஒனக்கு ஏதும் அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் குடித்த காப்பி எல்லாம் வெளியே வந்தது. அவர் ஓர் இளநீரை வெட்டி என் கையில் கொடுத்தார். இளநீர் பாதி என் மடியில்தான் கொட்டியது.

கடைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி வந்தார். குரங்கு பழத்தில் கை வைத்ததைப் பார்த்து, "குரங்கு, குரங்கு" என்று கணவரைக் கூப்பிட்டவர் அவர்தானாம். அந்த அக்கா உடைந்த நாற்காலி முன்னால் நின்றுகொண்டு, "நான் கூப்பிடலன்னா?" என்று கேட்டார். தன் கணவரிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி என்னிடமும் அதையே கேட்டார். அவர் கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் கேட்டார்.

அதற்குள் மோட்டார்சைக்கிள்கள் நின்றன, கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே என் அருகில் வந்தார். பொம்பள டிரைவர் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கடைக்காரர் கைப்பேசியை உள்ளங்கையால் மறைத்தார். "போய்யா. இங்க சாவு ஒண்ணும் விழல, படம் புடிக்கிறதுக்கு" என்றார். அந்த ஆள் போய்விட்டார்.

என் கணவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார். இடது பக்கப் பின் சக்கரத்தின் நட்டு ஒன்றை விரலால் பிடித்துத் திருகிக் காட்டினார். திருகாணி மாதிரி சுற்றியது. அடுத்ததும் அப்படியே. வலது பக்கம் போய்ப் பார்த்தோம். அங்கே ஒரு நட்டுகூட அசையவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் பின்சக்கரமும் கழன்றிருக்கும். அந்தப் பக்கம்தான் என் கணவர் தூங்கிக்கொண்டு வந்தார்.

டயர் கடைக்குப் போன் செய்தோம். வண்டியை இழுக்கிற லோரியில் டயர் மாட்டியவரே வந்தார். அவர் வருவதற்குள் என்னென்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அவர் இறங்கி நேராக இடது பின்சக்கரத்துக்குப் போனார். நட்டை விரலால் தொட்டார். அப்படியே சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"வலது பக்கம் ஸ்பானர் போட்டு இறுக்கி முடிச்சேன்கா. இடது பக்கம் நட்ட சும்மா விரலால மாட்டி விட்டிருந்தேன், இறுக்க வர்றதுக்குள்ள அந்த லோரி வந்துருச்சி. முடிச்சிட்டேன்னு நெனச்சிட்டேன்கா."

சேர்த்து வைத்த திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. காலையில் எனக்கு அவ்வளவு பொறுமையாக டயரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த அதே ஆள்தான். டயர் ஒன்றும் தப்பில்லை. வாய்க்காலிலிருந்து எடுத்துப் பார்த்தபோது அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நட்டுகள்தான் இல்லை.

பழக்கடைக்காரர் அவரைக் கை காட்டிக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி, "இது நான் ஒக்காந்திருந்த நாக்காலி" என்றார். டயர் மாட்டியவர் தலைகுனிந்தார். "பாரு. குனியாத, நல்லா பாரு" என்றார் கடைக்காரர். "இத பொறுக்கி எடுத்துட்டுப் போ. ஒன் கடையில வண்டி தூக்குற எடத்துல மாட்டி வை. தெனமும் கண்ணுல படணும்."

அந்த மனிதர் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி லோரியில் ஏற்றினார். சின்னத் துண்டுகளைக்கூட விடவில்லை. போலீஸில் ரிப்போர்ட் செய்தோம், வண்டியை இழுத்துக்கொண்டு ஈப்போ திரும்பினோம். பிறகு பழுது பார்த்த வண்டியை எடுக்க டயர் கடைக்குப் போனபோது பார்த்தேன். கடைச் சுவரில், காற்றடிக்கிற இயந்திரத்துக்கு மேலே, கம்பியால் கட்டி அந்தச் சிவப்பு முதுகுத் துண்டை மாட்டியிருந்தார்கள். இது என்ன என்று எல்லாரும் கேட்கிறார்களாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவரே நடந்ததைச் சொல்கிறாராம். சொல்லிவிட்டு, புது டயர் மாட்டினால் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறாராம். எனக்கு அதுவரை அது தெரியவே தெரியாது.

கொஞ்ச நாள் நான் வண்டியைத் தொடவில்லை. ஆனால் கொய்யா காத்திருக்காதே. மறுபடி ஓட்ட ஆரம்பித்தேன். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பழக்கடையில் நிறுத்துவேன். "வாம்மா, எளநி குடிச்சிட்டுப் போ" என்று கடைக்கார அண்ணன் கூப்பிடுவார். தோட்டத்தில் பறித்த கொய்யாவைக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வார். குரங்கைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவார். அதை விரட்டுவதை விட்டுவிட்டாராம், தினமும் ஒரு பழம் கொடுத்துவிடுகிறாராம்.

அந்த அக்கா மட்டும் என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். ஒரு நாள் நானே பின்னால் போய், "அக்கா, எம்மேல கோவமா?" என்று கேட்டேன். வாழைத்தார் அறுத்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஓம்மேல என்ன கோவம்? நீ நல்லவதான், தெரியும்" என்றார். "ஆனா ஒன் வண்டி இங்க திரும்புற சத்தம் கேட்டாலே எனக்கு அந்த ஒடஞ்ச நாக்காலிதான் கண்ணு முன்னால வருது. அவரு சிரிச்சிட்டுப் போயிருவாரு. ராத்திரி முழுக்க முழிச்சிக் கெடக்கிறவ நான்தான். நீ இங்க நிக்காதம்மா. போயிரு."

அண்ணன் பெருந்தன்மையாகப் பேசியது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அங்கே நிறுத்தியது என் மனசு ஆறுவதற்காகத்தான் என்பதும், அதற்கு அந்த அக்கா தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தார் என்பதும் அந்த நிமிடம்தான் உறைத்தது. சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நான் அங்கே நிறுத்துவதில்லை. வளைவில் வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் கடந்து போகிறேன். தூரத்திலிருந்தே அந்த அண்ணன் யாருக்கோ இளநீர் வெட்டிக்கொண்டு நிற்பது தெரிந்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம்.