‘ஏலே, நில்லு!’ சொல்லும் பெட்டி

அடுத்த நொடி யார் விழப்போகிறார் என்று இப்போதே சொல்வதுதான் என் பிழைப்பு. ஜோசியக்காரருக்காவது "குருப்பெயர்ச்சி முடியட்டும்" என்று தவணை கேட்க வழியுண்டு; எனக்கு அதுவும் கிடையாது. மிஷினுக்குப் புத்தி சொல்லியே நொந்துபோன சக பாவிகளே, கேளுங்கள்!

மெட்ராஸ் குரல்

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. கலந்த வெடிமருந்தை வாளியில் சுமப்பவர் வழுக்கி விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. அதற்காகத்தான் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி செய்து, ஷெட்டுகளுக்கு எட்டத்தில் கம்பம் நட்டு மாட்டினேன். கேமராவில் கைகால் அசைவைப் பார்த்து, ஆள் சாயப்போவதை முன்கூட்டியே கணித்துக் குரல் கொடுக்கும். இண்டர்நெட், பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். குட்டி நியூரல் நெட்வொர்க் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை!

"தயவுசெய்து கவனமாக நடக்கவும்" என்று ஒரு பெண் குரல் வைத்திருந்தேன். அது சொல்லி முடிப்பதற்குள் விழுந்தே எழுந்துவிடலாம். மருந்து சுமக்கும் செல்லப்பாண்டி சொன்னார்: "யாரு சார் இந்த மெட்ராஸ் பொம்பள? எங்களுக்கு ‘ஏலே, நில்லு’ன்னாத்தான் காலு நிக்கும்."

குனிந்தவரெல்லாம்

அவர் குரலிலேயே பதிந்தாயிற்று. மறுநாள் பெட்டி ஓயாமல் கத்தியது. உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் கரண்டு பொறியாகி மருந்தில் பாயாமல் இருக்க, ஷெட்டுக்குள் போகிறவர்கள் வாசலோரச் செம்புத் தகட்டைக் குனிந்து தொட வேண்டும். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் வழக்கம். நான் பெட்டிக்குக் காட்டிப் பழக்கியதோ சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள் நடக்கும் வீடியோ. குனிந்தவரெல்லாம் விழப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டது, சனியன்!

முதலாளி அண்ணாச்சி வந்தார். "தீவாளி ஆர்டர் அம்புட்டும் கெடக்கு. இனி ஒருக்கா சும்மா கத்துச்சுன்னா, பொட்டியக் கழட்டிக்கிட்டு நீங்களும் கெளம்பிருங்க தம்பி."

அண்ணாச்சியின் செருப்பு

தகடு தொடுவதைப் படம் பிடித்து, ஊண் உறக்கமில்லாமல் பெட்டியைப் பழக்கி மாட்டினேன். என் கம்பெனிக்கு இருந்ததே இந்த ஒரு ஆர்டர்தான். தூறல் விட்டிருந்த நேரம், புதுச் செருப்போடு அண்ணாச்சியே சோதிக்க வந்தார். "ஏலே, நில்லு!" என்றது பெட்டி.

"எவம்லே என்னைய ஏலேங்கது?" என்று வெடுக்கெனத் திரும்பியவர், வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தார். செல்லப்பாண்டி வேப்பமரத்துக்குப் பின்னால் பதுங்கிவிட்டார். போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நின்றேன்.

"நான் விழுந்தது அதுல பதிஞ்சிருச்சா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"முகமெல்லாம் பதியாது அண்ணாச்சி. நாலு கோடு போட்ட குச்சி மனுசன்தான்."

தொப்பையைத் தடவிக்கொண்டார். "குச்சியா? அப்ப நான்னு ஒருத்தனும் நம்ப மாட்டான். பொட்டி இங்கனயே இருக்கட்டும் தம்பி. விழுவேன்னு முன்னாலயே சொல்லிருச்சில்ல!"

அது ‘ஏலே’ என்று கூப்பிட்டிருக்காவிட்டால் அவர் திரும்பியிருக்கவும் மாட்டார், விழுந்திருக்கவும் மாட்டார் என்பதை மட்டும் நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.